இடிக்க ஆள் தேவை!

கட்டுவது கஷ்டம், இடிப்பது சுலபம் என்று நம் ஜனங்களுக்கு அசைக்க முடியாத ஒரு நம்பிக்கை. கட்டுவதென்றால் இன்ஜினீயரைத் தேடுவோம், வாஸ்து பார்ப்போம், நாள் குறிப்போம், மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்போம். இடிப்பதென்றால்? "யாராவது ரெண்டு ஆளைக் கூப்பிட்டு நாலு தட்டு தட்டச் சொல்லுங்க. தானா விழுந்துடும்!" அவ்வளவுதான்.

தானாக விழும் என்பது வாஸ்தவம். யார் மேல் விழும் என்பதுதான் கேள்வி.

இந்த ஞானம் எனக்குப் போதி மரத்தடியில் கிடைக்கவில்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான மாட்டுக் கொட்டகை வாசலில் கிடைத்தது.

கொட்டகை என்றதும் நாலு மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்த சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். தாத்தா காலத்துக் கொட்டகை. 40 அடி நீளம், 18 அடி அகலம். மூன்று பக்கம் செங்கல் சுவர். மேலே மங்களூர் ஓடு. ஒரு கோடியில் எட்டு மாடு கட்டலாம். மறு கோடியில் வண்டி, ஏர், வைக்கோல், விதைநெல் குதிர். டிராக்டர் வந்ததும் மாடு போயிற்று. மாடு போனதும் கொட்டகை ரிடையர் ஆயிற்று, என்னை மாதிரி. எனக்காவது பென்ஷன் வருகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொட்டகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா வாரம் ஒரு முறை போன் செய்வார்.

"டேய், பக்கத்து வீட்டுப் பசங்க பந்து பொறுக்க உள்ளே போறதுங்கடா. வெரட்டினா சிரிக்கிறதுங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் உன்னைத் தேடி மெட்ராஸுக்கா வரும்? திண்ணையில உக்காந்திருக்கிற என்னைத்தான் ஜீப்பிலே ஏத்துவான்!"

எழுபத்தெட்டு வயதில் சித்தப்பாவை ஜீப்பில் ஏற்றுவது குடும்ப கௌரவத்துக்கு அழகல்ல. சம்சாரத்தோடு ஊருக்குப் போய் இறங்கினேன்.

* * *

மன்னார்குடி போகிற வழியெல்லாம் போர்டு மாட்டியிருக்கிறது. 'பழைய கட்டடங்கள் இடித்துத் தரப்படும். பழைய மரம், கதவு, ஜன்னல் வாங்கப்படும்.' நம்பரும் இருக்கிறது. போர்டில் இரண்டு வாக்கியம் இருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டு வாக்கியமும் இரண்டு வியாபாரம். முதலாவதில் அவர் நமக்கு வேலைக்காரர். இரண்டாவதில் நம்மிடம் சரக்கு வாங்க வந்த வியாபாரி. ஒரே ஆள்தான், ஒரே மோட்டார் பைக்கில்தான் வருகிறார்.

மூன்று பேருக்குப் போன் செய்தேன். மூவரும் மறுநாளே வந்தார்கள். கட்டுகிற மேஸ்திரி ஒரு நாளாவது சொன்ன நாளில் வந்திருக்கிறாரா? இங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது.

முதலில் வந்தவர் வெள்ளைச் சட்டை. பைக்கை விட்டு இறங்கவில்லை. ரோட்டில் இருந்தபடியே கொட்டகையை ஒரு பார்வை பார்த்தார்.

"நாப்பதாயிரம் ஆகும் சார்."

"நீங்க தர்றீங்களா?"

"நீங்க தரணும் சார்!"

இரண்டாமவர் சஃபாரி சூட். வாசல் வரை வந்தார். "எனக்கு ஒரு பைசா வேணாம் சார். ஃப்ரீயாவே இடிச்சுத் தர்றேன். கிடக்கிற சாமானை மட்டும் எடுத்துக்கறேன். பெரியவர் முகத்துக்காகச் செய்யறேன்" என்றார். சித்தப்பாவின் முகத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மூன்றாமவர் கூலிங்கிளாஸ். இவர் உள்ளேயே போனார். நகத்தால் உத்தரத்தைச் சுரண்டினார். முகர்ந்தார். துக்க வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி வெளியே வந்தார்.

"எல்லாம் செல்லரிச்சுப் போச்சு சார். ஒண்ணும் தேறாது. இருந்தாலும் முப்பத்தஞ்சாயிரம் தர்றேன்."

"செல்லரிச்ச மரத்துக்கா?"

"தொழிலுக்கு வந்துட்டோமே சார், என்ன பண்றது!"

ஆக, ஒரே கொட்டகை. ஒருவர் நாற்பதாயிரம் கேட்கிறார், ஒருவர் சும்மா செய்கிறார், ஒருவர் முப்பத்தைந்தாயிரம் தருகிறார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வித்தியாசம் எழுபத்தைந்தாயிரம்! முப்பத்தோரு வருஷம் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்டில் கொட்டியவன் நான். டெபிட்டா, கிரெடிட்டா என்றே தெரியாத ஓர் ஐட்டத்தை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

* * *

விஷயம் இவ்வளவுதான். இடிப்பதில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஆள் கூலி, லாரி வாடகை, ரப்பிஷ் அள்ளிக் கொட்டுவது எல்லாம் செலவு. மரம், ஓடு, செங்கல், இரும்பு, நிலை, கதவு எல்லாம் வரவு. காண்ட்ராக்டர் இரண்டையும் மனசுக்குள் போட்டு, கழித்து, மிச்சத்தை மட்டும் நம்மிடம் சொல்கிறார். வரவு என்ன, செலவு என்ன என்று சொல்லுவதில்லை. நாமும் கேட்பதில்லை. நமக்கு அது இடிந்த கொட்டகை. அவருக்கு அது கூரை போட்ட மரக்கடை.

இந்த மரக்கடை வியாபாரம் சாதாரணமில்லை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண், கதவு, ஜன்னல், பாத்திரம் பண்டம் என்று கடை கடையாக வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் வேண்டாமென்று கழற்றியது இன்னொரு ஊரில் ஹோட்டல் வரவேற்பறையில் பாலிஷ் போட்டு நிற்கும். என் கொட்டகையில் செட்டிநாட்டுச் சிற்பம் எதுவும் கிடையாது. ஆனாலும் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட வேண்டாமா?

ஒரு டேப், நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனாக் கத்தி. சாய்ந்த பக்கம் போகாமல், நிமிர்ந்து நிற்கிற பக்கமாக இருந்தே கணக்கெடுத்தோம். சித்தப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

மரத்துக்குக் கணக்கு கன அடி. சூத்திரம் சுலபம். நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அங்குலம், கனம் எத்தனை அங்குலம் - மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. எங்கள் உத்தரம் 18 அடி நீளம், 8 அங்குலம், 6 அங்குலம். பெருக்கி வகுத்தால் 6 கன அடி. அப்படி ஐந்து உத்தரம். மொத்தம் 30 கன அடி. பேனாக் கத்தியால் லேசாகச் சீவினால் உள்ளே பழுப்புப் பொன் நிறம், தேக்கு வாசனை. கூலிங்கிளாஸ் ஏன் முகர்ந்தார் என்று அப்போதுதான் விளங்கிற்று.

கைமரமெல்லாம் பனை. வைரம் பாய்ந்த பனையில் ஆணி இறங்குவதே கஷ்டம். பத்துக்கு எட்டு நன்றாக இருந்தது. ஓடு 1,200-க்குக் குறையாது. மங்களூர் ஓடு என்பது 1860-களில் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் ஆரம்பித்து வைத்த தொழில். ஓட்டின் வயிற்றில் கம்பெனி பெயரை அச்சுக் குத்தியிருப்பார்கள். உடையாத பழைய ஓடு இன்றைக்கும் விலை போகிறது. செங்கல்லோ மண் சாந்தில் வைத்துக் கட்டியது. தட்டினால் முழுசாகப் பிரிந்து வரும். சிமெண்ட் பூச்சுச் சுவரில் அது நடக்காது. சிமெண்ட் விடாது, செங்கல்தான் உடையும்.

நோட்டை எடுத்துக்கொண்டு மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் இரண்டு பழைய மரக்கடைகளில் விலை விசாரித்தேன். மறுநாள் கூலிங்கிளாஸுக்குப் போன் போட்டு, "தேக்கு முப்பது கன அடி இருக்கு தம்பி" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நாப்பத்தெட்டு தர்றேன் சார்" என்றார்.

செல்லரித்த மரம் ராத்திரியோடு ராத்திரியாகக் குணமாகிவிட்டது!

* * *

கணக்கு இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியமில்லை. "எப்படி இடிப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன்.

"அதெல்லாம் ரெண்டு நாள் வேலை சார். பசங்க மேலே ஏறி ஓட்டைத் தள்ளி விட்டுருவானுங்க. உத்தரத்தை அறுத்து எடுத்துட்டு, செவுத்துல கயித்தைக் கட்டி ஒரு இழுப்பு. முடிஞ்சுது."

"மேலே ஏறுற பையனுக்கு இடுப்பிலே கயிறு உண்டா?"

"அவன் கொரங்கு சார். விழ மாட்டான்."

"விழுந்தா?"

"உங்க எடம்தானே சார்..."

நாற்பத்தெட்டாயிரத்துக்கு அர்த்தம் இப்போது புரிந்தது. கயிறு இல்லை, சாரம் இல்லை, எட்டு நாள் வேலையை இரண்டு நாளில் முடிக்கிறார். மிச்சம் பிடித்ததில் எனக்கும் ஒரு பங்கு தருகிறார். பையன் கீழே விழுந்தால் அதிலும் எனக்குப் பங்கு தருவார்.

ஓட்டுக் கூரையின் கனம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓடு ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல். 1,200 ஓடு என்றால் தலைக்கு மேலே இரண்டரை டன். மழையில் நனைந்தால் இன்னும் கூட. இரண்டு பக்கச் சரிவும் ஒன்றையொன்று சமாளித்துக்கொண்டு நிற்கிற தராசு அது. ஒரு பக்க ஓட்டை மட்டும் மளமளவென்று பிரித்தால் தராசு சாய்ந்துவிடும். அதுவும் இது ஏற்கெனவே சாய்ந்திருக்கிற தராசு.

பெரிய கட்டடங்களை இடிக்கும்போது என்ன பாடு படுகிறார்கள், பாருங்கள். 2014 ஜூன் 28-ந் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே அதன் ஜோடிக் கட்டடம். அதை வெடி வைத்துத் தகர்த்தது 2016 நவம்பர் 2-ந் தேதி. அக்கம்பக்கத்து ஜனங்களையெல்லாம் வெளியேற்றிவிட்டுத்தான் பட்டனைத் தொட்டார்கள். விழுந்து முடிய சில நொடிகள். 2022 ஆகஸ்ட் 28-ந் தேதி நொய்டாவில் இரட்டைக் கோபுரத்தைத் தகர்த்தார்களே, அதற்கு சுமார் 3,700 கிலோ வெடிமருந்து. அக்கம்பக்கத்தில் ஐயாயிரம் பேரை அப்புறப்படுத்தினார்கள். மாதக்கணக்கில் ஏற்பாடு, பத்து நொடி வேலை.

நம்ம ஊர்க் கொட்டகைக்கு? ஒரு கடப்பாரை, ஒரு பீடி, ஒரு 'குரங்கு'.

இத்தனைக்கும் கட்டடம் இடிப்பதற்கென்றே நம் நாட்டில் ஒரு பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. ஐ.எஸ். 4130 என்று பெயர். 1991-ல் திருத்தி வெளியிட்டார்கள். சாரம் சொல்கிறேன்: கட்டிய வரிசைக்குத் தலைகீழாக, மேலிருந்து கீழாகப் பிரி, முதலில் கரண்டை நிறுத்து, கீழே ஆளை நிற்க விடாதே. இதற்கு இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. நம் பாட்டி பரணில் அடுக்கிய பானையை இறக்குகிற அதே முறைதான். அடிப்பானையை உருவுகிற பாட்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

* * *

டீக்கடைக்காரர் நாலாவதாக ஒருவரை அனுப்பினார். தோளில் துண்டு, அறுபது வயசு, கூடவே மகன். போர்டு கிடையாது. பைக்கை மகன் ஓட்டி வந்தான். பெரியவர் கொட்டகையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். ரேட்டைச் சொல்லுவார் என்று பார்த்தால் கேள்வி கேட்கிறார்.

"கரண்டு எங்கேருந்து வருதுங்க?"

"உள்ளே ஒரே ஒரு பல்புதான்."

"ஒரு பல்பானாலும் கரண்டு கரண்டுதானுங்களே. ஆபீஸ்ல எழுதிக் குடுத்து லைனை எடுத்துடச் சொல்லுங்க. தோ, அந்தப் பக்கத்துச் செவுரு யாருது? உள்ளே மூடாத கெணறு, தொட்டி ஏதும் இருக்குங்களா? பாம்பு பாத்திருக்கீங்களா? கடைசியா மழை என்னிக்குப் பேஞ்சுது? பந்து பொறுக்க வர்ற புள்ளைங்க எத்தினி மணிக்கு வரும்?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பற்றி நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. மூலையில் கிடந்த ரப்பர் பந்தைப் பார்த்திருக்கிறார்.

"சாஞ்ச பக்கம் மொதல்ல முட்டுக் குடுக்கணும். அப்பறம் ரெண்டு பக்கமும் சமமா ஓடு பிரிக்கணும். தள்ளி விடறதில்லை, கையில வாங்கி எறக்கறது. அப்பறம் ரீப்பர், கைமரம், உத்தரம். செவுத்தை மேலேருந்து வரிசை வரிசையா. எட்டு நாளு ஆகும். முப்பதாயிரம் தர்றேனுங்க. மரத்துல வேணுங்கிறதை நீங்க எடுத்துக்கிட்டா அதுக்குத் தக்கபடி கழிச்சுக்கலாம்."

கூலிங்கிளாஸைவிடப் பதினெட்டாயிரம் குறைவு. சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. "பதினெட்டாயிரத்தை வாய்க்கால்ல விடறியா? அவன் ஆள் விழுந்தா அவன் பாடு. உனக்கென்னடா?" என்றார்.

திண்ணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் சம்சாரம் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ஏங்க, ஒரு புள்ளை விழுந்த மண்ணுல நாம என்னத்தைக் கட்டிக் குடியிருக்கப் போறோம்?"

சித்தப்பா அதற்கப்புறம் பேசவில்லை. வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ஒரு தாள் எடுத்து, என்ன வேலை, எத்தனை நாள், எந்தெந்தச் சாமான் யாருக்கு, ரப்பிஷ் எங்கே போகிறது, ஆளுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்று எழுதினேன். பெரியவர் மகனை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாலாம் நாள் காலை. கடைசிக்கு முந்தின உத்தரத்தை இறக்கக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்வைக்கு முழுசாக இருந்த மரம். சுவருக்குள் புதைந்திருந்த முனை மட்டும் ஈரம் வாங்கி வாங்கி மாவாகிக் கிடந்திருக்கிறது. சுவரை விட்டு நழுவி, கட்டின கயிற்றில் ஒரு ஆட்டம் ஆடி, ஒரு முனை தரையில் குத்தி நின்றது. தொம்மென்ற சத்தத்தில் தெருவே எழுந்து வந்துவிட்டது. கீழே ஒருவரும் இல்லை. முதல் நாளே நாலு பக்கமும் கொடிக்கயிறு கட்டி, யாரும் உள்ளே வரக்கூடாதென்று மகனைக் காவல் போட்டிருந்தார் பெரியவர். சுவர் மேல் இருந்த பையன் தடுமாறினான். இடுப்பில் கயிறு இருந்தது. உட்கார்ந்துகொண்டு சிரித்தான். இருபது வயதுகூட இருக்காது.

பெரியவர் வந்து உத்தரத்தின் முனையைப் பார்த்தார். "ஓரடி போச்சு. வெட்டிட்டா மத்தது தங்கம்" என்றார்.

சித்தப்பா உள்ளேயிருந்து வந்தார். எல்லாருக்கும் டீ சொன்னார். மகனுக்கு மட்டும் ஸ்பெஷல் டீ.

* * *

ஊரில் பழைய வீடு, கொட்டகை, களஞ்சியம் வைத்துக்கொண்டு முழிக்கிற அன்பர்கள் அனேகம். அவர்களுக்காக நாலு வார்த்தை.

ஒன்று, யாரையும் கூப்பிடுவதற்கு முன் என்ன இருக்கிறதென்று நீங்களே எண்ணி எழுதுங்கள். நோட்டு பத்து ரூபாய்.

இரண்டு, கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். 'ஃப்ரீ' என்பவரிடம் இரண்டு முறை கேளுங்கள்.

மூன்று, கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் சுத்தியால் உடைக்க விடாதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குப் பகை. நனைத்துவிட்டு, முழுசு முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

நான்கு, ரப்பிஷை ராத்திரியில் ஏரிக்கரையில் தட்டிவிட்டுப் போக விடாதீர்கள். கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்றே மத்திய அரசு 2016-ல் தனி விதிகள் போட்டது. 2025-ல் புது விதிகளும் வெளியிட்டது. விதியை விடுங்கள். அந்த ஏரித் தண்ணீர்தானே உங்கள் வயலுக்கும் வரவேண்டும்?

கடைசியாக, அவர் எவ்வளவு தருகிறார் என்று பார்ப்பதற்கு முன், உங்களை என்னென்ன கேட்கிறார் என்று பாருங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் சம்மதம் சொல்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது கல்யாண விஷயத்தில் நம் பெரியவர்களுக்கு எப்போதோ தெரியும். கட்டுவதற்கு மட்டும்தானா அது? இடிப்பதற்கும்தான்.